கோடு தெரிந்தால், பெயின்ட் உரிந்தால், டெக்கால் வெளுத்தால்: ஜெட் மாடல் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

பிளாஸ்டிக் விமான மாடலில் கோளாறு கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஓரம் வெளுத்துத் தெரிந்தால் டெக்காலைக் குறை சொல்கிறோம். தவறு அதற்கு முன் அடித்த பெயின்டில் இருக்கும். டேப்போடு பெயின்ட் உரிந்து வந்தால் டேப்பைத் திட்டுகிறோம். தவறு கிட்டை, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியை, பிரித்த அன்றே நடந்திருக்கும். 1/72, 1/48 அளவுகளில் (உண்மை விமானத்தில் 72ல், 48ல் ஒரு பங்கு) ஜெட் விமானங்கள் செய்துவந்த இத்தனை வருடத்தில் நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியையும் சொல்லும்போது, எத்தனை படி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு மிக்-21. 1963ல் இந்திய விமானப் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். நம் ஊரில் ஜெட் மாடல் செய்கிற பலர் ஒருமுறையாவது இதைக் கையில் எடுத்திருப்பார்கள்.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை, கையை எடுப்பது. ஈரமான பெயின்டில் விரல் வைத்துத் துடைக்கப் போனால் சின்னக் காயம் பெரிய காயமாகும். ஒரு நாள் காயவிட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். அதோடு, உங்களிடம் இருக்கும் பெயின்ட் எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வலேஹோ போன்றவை நீரில் கரையும் அக்ரிலிக். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை ஆல்கஹால் கலந்த அக்ரிலிக். மிஸ்டர் கலர் லாக்கர். ஹம்ப்ரோலின் சின்ன டப்பாக்கள் எனாமல். வலேஹோவில் லாக்கர் தின்னரை ஊற்றினால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிடும். சரியாகக் காயாத எனாமல் மேல் லாக்கர் அடித்தால் கீழிருக்கும் பெயின்ட் சுருங்கிக் கிளம்பும். கீழே வருகிற கோளாறுகளில் பல இந்த இனக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன.

விமான உடலின் நடுவே மூக்கு முதல் வால் வரை ஒரு கோடு

பெரும்பாலான கிட்களில் உடல் இடது, வலது என இரண்டு பாதியாக வரும். ஒட்டித் தேய்த்தபோது வழவழவென்று இருந்தது. பெயின்ட் அடித்ததும் நூல் கட்டி இழுத்ததுபோல ஒரு கோடு. இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். 1/72ல் 0.1 மில்லிமீட்டர் பள்ளம் என்பது உண்மை விமானத்தில் 7 மில்லிமீட்டர் பள்ளம். பறக்கிற விமானத்தில் அப்படி ஒரு வெடிப்பு இருக்கவே இருக்காது. கண்ணுக்கு அது தெரியும்.

காரணம் பெரும்பாலும் அவசரம். பிளாஸ்டிக் சிமென்ட் பசை அல்ல, கரைப்பான். டாமியா எக்ஸ்ட்ரா தின் பாட்டிலில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். அது பாலிஸ்டைரீனின் இரண்டு விளிம்பையும் இளக்கி ஒன்றாக்குகிறது. தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற நாட்கள் ஆகும். வெளியேற வெளியேற அந்த இடம் சுருங்கி உள்வாங்கும். மறுநாளே தேய்த்துச் சமமாக்கிவிட்டால், அது உள்வாங்குவது அதன் பிறகுதான். இடைவெளியை நிரப்பும் பட்டியும் அப்படித்தான் சுருங்கும்.

பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தீர்களா? அந்தக் கோட்டின் இருபுறமும் 5 மில்லிமீட்டர் அளவுக்கு 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பெயின்டை எடுங்கள். பள்ளத்தில் சூப்பர் க்ளூவை ஊசி முனையால் விடுங்கள். அது பட்டி போலச் சுருங்காது என்பதால்தான் இங்கே அது. ஆனால் ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பிறகு தேய்த்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தேயும், பசை மேடாக நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் 600, 1000, 1500 என்று படிப்படியாகத் தேய்த்துவிடுங்கள். அழிந்துபோன பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்), தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி, ஊசியால் மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்து மீட்கலாம். ஒரே அழுத்தில் இழுத்தால் ஊசி வழுக்கி இறக்கை மேல் ஓடும்.

அப்புறம், சாம்பல் நிற பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மெல்லியதாக ஒரு பூச்சு. டியூப் லைட்டின் பிரதிபலிப்பு அந்தக் கோட்டைக் கடக்கும்போது நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் இன்னொரு சுற்று. நெளியாமல் நேராக ஓடினால்தான் அடுத்த வேலை. அடுத்த மாடலில் ஒட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தில் சக்கரம், ஏவுகணை, இருக்கை என்று வேறு வேலை எவ்வளவோ இருக்கிறது.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி

அந்த மூலையில் உப்புத்தாள் போகாது. ஆகவே தேய்க்கத் தேவையில்லாத வழிதான் சரி. நீரில் கரையும் அக்ரிலிக் பட்டியை இடைவெளியில் வைத்து, ஈரமான காது குடையும் பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்தால் இடைவெளிக்குள் மட்டும் தங்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பட்டியை நம்பாமல், ஸ்ப்ரூவையோ (பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) பிளாஸ்டிக் ஷீட்டையோ மெல்லிய கீற்றாக வெட்டிச் செருகிவிட்டுப் பட்டி பாருங்கள்.

சக்கரத்தில் நிறுத்தினால் வால் தரையில் உட்காருகிறது

மூக்கில் எடை போதவில்லை. உடலை மூடுவதற்கு முன் இரண்டு பாதியையும் இறக்கையையும் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலை அடியில் வைத்துப் பாருங்கள். மூக்குப் பக்கம் சாயும் வரை தூண்டில் ஈயக்குண்டுகளைச் சேர்க்க வேண்டும். மிக்-21ல் மூக்கிலுள்ள கூம்புக்குள்ளும் விமானி அறைக்கு முன்னாலும் இடம் கிடைக்கும். எடை எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு குறைவாகவே தேவைப்படும். ஈயத்தைத் தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். உடலை மூடிய பிறகுதான் தெரிந்தது என்றால், முன்சக்கரக் குழிக்குள் ஓட்டை போட்டுச் சின்னக் குண்டுகளைத் தள்ளிப் பசை விட்டு அடைக்கலாம்.

கனோபிக்கு (விமானி அறையின் கண்ணாடி மூடி) உள்ளே வெண்மையான புகைப்படலம்

சூப்பர் க்ளூ காயும்போது வரும் ஆவி கண்ணாடிப் பாகத்தில் படிந்து வெள்ளையாகும். கனோபியை அதனால் ஒட்டவே கூடாது. அதுமட்டுமல்ல, உள்ளே இருக்கை, கருவிப்பலகை எல்லாவற்றையும் சூப்பர் க்ளூவால் ஒட்டிய சூட்டோடு கனோபியை மூடினாலும் இதே கதிதான். கனோபிக்கு வெள்ளைப் பசை போதும். தண்ணீரில் கரையும், காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம்.

படலம் மெல்லியதாக இருந்தால் கனோபியைக் கழற்றி, தெளிவான அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷில் முக்கி, ஒரு மூலையை டிஷ்யூவில் தொட்டு மிச்சத்தை வடியவிட்டு, தூசு விழாமல் ஒரு டப்பாவால் மூடி வையுங்கள். படலம் மறைந்துவிடும். கீறல் இருந்தால் முதலில் 2000, 3000 உப்புத்தாளில் ஈரத்தோடு தேய்த்து, பற்பசையாலோ கார் பாலிஷாலோ மெருகேற்றிவிட்டு முக்குங்கள்.

மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயின்டும் கூடவே வருகிறது

இரண்டு காரணங்கள். கிட்டின் பாகங்களை அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கலாம். நம் கைவியர்வை அதோடு சேரும். கிட்டைப் பிரித்த அன்றே, ஸ்ப்ரூவோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசிக் காயவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மீதிப் பாதி, பிரைமர் இல்லாமல் அடித்தது. முக்கியமாக நீரில் கரையும் அக்ரிலிக், வெறும் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளாது. மேலே தோல்போல் கிடக்கும்.

உரிந்த இடத்தின் விளிம்பை 1000 உப்புத்தாளால் படி தெரியாமல் சரிவாக்கி, பிரைமர் அடித்து, நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். உரிதல் பல இடங்களில் என்றால் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். டாமியா அக்ரிலிக் என்றால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முழுவதையும் எடுத்துவிடலாம். மனம் வலிக்கும்தான். ஆனால் ஒரு மாலை நேரத்தில் பிளாஸ்டிக் திரும்பக் கிடைத்துவிடும்.

டேப்பைப் பிளாஸ்டிக் மேல் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை புறங்கையில் ஒட்டி எடுங்கள், பிசுபிசுப்பு குறையும். கழற்றும்போது மேலே தூக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடக்கி இழுங்கள்.

பெயின்ட் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகள்

இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் வேறு வேறு. நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள். பொடி பொடியாக உதிர்ந்தால், பெயின்ட் ஏர்பிரஷிலிருந்து (காற்றால் பெயின்டைத் தூவும் கருவி) மாடலுக்கு வரும் வழியிலேயே காய்ந்துவிட்டது: தூரம் அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது வெயில் நேரம். உதிராமல் அலையலையாக இருந்தால், பெயின்ட் கெட்டியாகப் போய் விழுந்து பரவ நேரமில்லாமல் நின்றுவிட்டது.

0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷுக்கு நான் பின்பற்றுவது: பெயின்டும் தின்னரும் பாதிக்குப் பாதி, லாக்கர் என்றால் தின்னர் இன்னும் கொஞ்சம் கூட. கோப்பைச் சுவரில் தூரிகையால் ஏற்றி விட்டால், பால் வழிகிற மாதிரி ஒரு படலம் விட்டுக் கீழே இறங்க வேண்டும். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. தூரம் 7 முதல் 10 சென்டிமீட்டர். ஏப்ரல், மே மாதங்களில் அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும்; அப்போது காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேர்த்து, அவ்வப்போது முனையைத் தின்னர் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பெயின்ட் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடினால் அதற்கு நேர் எதிர்: தின்னர் அதிகம், அல்லது ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றுவிட்டீர்கள்.

அடித்தாயிற்று, காய்ந்தும் விட்டது என்றால் 2000 உப்புத்தாளில் ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, அதே நிறத்தை மெல்லியதாக ஒரு பூச்சு. பேனல் கோடுகள் பெயின்டால் நிரம்பிவிட்டிருந்தால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பளபளப்பு பெயின்ட் காய்ந்ததும் மேகம் மாதிரி வெளுக்கிறது. ஏர்பிரஷ் நடுவில் தண்ணீர் துப்புகிறது

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எத்தனை கவனமாக அடித்தாலும் நடக்கும்.

நல்ல செய்தி, இதற்கு மருந்து எளிது. காற்று வறண்டிருக்கும் நேரத்தில், மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக மேலே தூவுங்கள். பெயின்ட் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, மேகம் கண்முன்னே கரையும். முதல்முறை அதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதிகம் அடித்துவிடாதீர்கள்; நனைந்து ஓடினால் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

தண்ணீர் துப்புவதும் அதே ஈரம்தான். கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது நீராவி குழாயில் தண்ணீராகச் சேர்கிறது. கம்ப்ரஸரில் ஒரு நீர்ப்பொறியும், ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன நீர்ப்பொறியும் வையுங்கள். டேங்க் இருந்தால் தினமும் அடிவால்வைத் திறந்து வடியுங்கள்.

ஈரத்துக்குப் பயந்து ஏசி அறைக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு லாக்கர் அடிக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் வெளியேற்றும் விசிறி வேண்டும். முகக்கவசம், கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ளதாக இருக்க வேண்டும். என்-95 தூளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

டேப்புக்கு அடியில் நிறம் கசிந்திருக்கிறது

டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் கீழே இருக்கும் அதே நிறத்தையோ, தெளிவான வார்னிஷையோ மெல்லியதாக அடியுங்கள். கசிவதானால் அது கசிந்து இடுக்கை அடைத்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. அதன் பிறகே அடுத்த நிறம், அதுவும் டேப்பிலிருந்து வெளிநோக்கி. ஏற்கெனவே கசிந்ததை, காய்ந்தபின் கூரான பல்குச்சியை லேசாகத் தின்னரில் தொட்டுச் சுரண்டலாம்.

அலுமினிய நிறத்தில் கீறல்கள் எல்லாம் கத்துகின்றன

நம் விமானப் படையின் பழைய மிக்-21 எஃப்எல் விமானங்கள் வெறும் உலோக நிறத்தில் பறந்தவை. 1971 போர் நேரத்தில் அவற்றில் பலவற்றின் மேல் அவசரமாகப் பச்சை பூசப்பட்டது. புதிதாகச் செய்பவர் பச்சை பூசியதைத் தேர்ந்தெடுத்தால் நல்லது என்பேன். ஏனென்றால் உலோக நிறம் எதையும் மறைக்காது. 400 உப்புத்தாளின் கீறல்கூட ஆற்றுப்பள்ளம் மாதிரி தெரியும்.

உலோக நிறம்தான் வேண்டுமென்றால், அதன் வெற்றி தோல்வி அடியில் அடிக்கும் பளபளப்புக் கறுப்பில் இருக்கிறது. கறுப்பில் உங்கள் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே ஆல்கிளாட் உலோகப் பெயின்டை அடித்துப் பயனில்லை. கறுப்பைத் தேய்த்து மறுபடி அடியுங்கள். உலோகப் பூச்சு 12 முதல் 15 பிஎஸ்ஐயில், தூசிபோல மெல்லியதாக. தடிமனாக அடித்தால் உலோகம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். வெறும் கையால் தொட வேண்டாம். மெல்லிய நைட்ரைல் கையுறை போடுங்கள். நம் வெயிலில் ரேகை அப்படியே பதிந்து நிற்கும்.

டெக்காலைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுக்கம்

மூவர்ண வட்டத்தை ஒட்டினேன், ஈரமாக இருக்கும்வரை அழகாக இருந்தது, காலையில் பார்த்தால் சுற்றி ஒரு வெள்ளி வளையம். இதைத்தான் பலர் கேட்கிறார்கள். மேட் (பளபளப்பு இல்லாத) பெயின்ட் என்பது பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமான தரை. டெக்காலின் மெல்லிய படலம் மேடுகளின் மேல் உட்கார, பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் வெள்ளியாகத் தெரிகிறது. டெக்கால் கெட்டதல்ல, அதன் அடியில் தரை வழவழப்பாக இல்லை.

ஒட்டியதை மீட்க: மிக மெல்லிய ஊசியால் வெள்ளி தெரியும் இடங்களில் மட்டும், மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குத்துங்கள். டெக்காலை இளக்கும் மைக்ரோ சோலை ஒரு துளி விட்டு அது துளைகளில் இறங்கும்வரை காத்திருங்கள். டெக்கால் சுருங்கி நெளியும். பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம். காயும்போது தானாகவே படிந்து பேனல் கோட்டுக்குள் இறங்கும். மினுக்கம் மிச்சமிருந்தால் மறுநாள் இதே வேலை. மூன்று நாளில் ஒரு பிடிவாதமான வட்டத்தைக்கூட இப்படி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அடுத்த முறை, டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு, 24 மணி நேரம் காயவிடுதல், ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட், படிந்தபின் மைக்ரோ சோல். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்தால் எல்லாம் ஒரே தரையாகிவிடும்.

பழைய கிட்டின் டெக்கால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைகிறதா? எனக்கு ஒருமுறை ஒரு வால் எண் முழுவதும் அப்படிப் போய்விட்டது. அதிலிருந்து, பழைய தாளில் தேவையற்ற ஓர் எழுத்தை முதலில் போட்டுப் பார்க்கிறேன். உடைந்தால் தாள் முழுவதும் தெளிவான வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துகிறேன். மஞ்சளாகிப்போன தாளை ஜிப் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் குறையும்.

வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த அடர்நிறம்) பூசியதும் முழு விமானமும் அழுக்காகிவிட்டது, அல்லது ஒரு பாகம் தானாகவே விரிசல் விட்டது

அழுக்கானது, மறுபடியும் தரை மேட் பெயின்டாக இருந்ததால். எனாமல் வாஷ் என்றால் ஒயிட் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பஞ்சால், காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடைத்தால் பெருமளவு வந்துவிடும். விரிசல் வேறு கதை. எனாமல் தின்னர் பிளாஸ்டிக்கின் வெற்று இடங்களுக்குள் ஊறினால், இழுத்து ஒட்டிய மூட்டுகளும் மெல்லிய சக்கரக் கால்களும் நொறுங்கும். வாஷை வெள்ளமாக ஊற்றாதீர்கள். கோட்டின்மேல் தூரிகை முனையைத் தொட்டால் போதும், அது தானாக ஓடும்.

மேட் வார்னிஷ் அடித்ததும் வெண்மையாகப் பூத்துவிட்டது

பாட்டிலின் அடியில் தங்கிய வெண்பொடியைச் சரியாகக் கலக்கவில்லை, அல்லது ஈரக்காற்று. மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். காய்ந்தபின், நன்றாகக் கலக்கிய மேட் வார்னிஷை மெல்லியதாக மறுபடி அடியுங்கள்.

மூக்கின் பிட்டோ குழாய் (பறக்கும் வேகத்தை அளக்க உதவும் நீண்ட குழாய்) உடைந்துவிட்டது

மிக்-21 செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வரும். பிளாஸ்டிக் துண்டைத் திரும்ப ஒட்டாதீர்கள். அடுத்த வாரம் சட்டைக் கை பட்டு மறுபடி உடையும். மருந்துக்கடையில் புது ஊசிகள் கிடைக்கும். 1/48க்கு 23 கேஜ் ஊசி அடி, அதற்குள் மெல்லிய கம்பி அல்லது இன்சுலின் ஊசி முனை. 1/72க்கு இன்சுலின் ஊசி மட்டுமே போதும். ஊசியின் கூர்முனையை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் வேலை. வெட்டும்போது உலோகத்துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

இடத்தைச் சரிபாருங்கள்: ஆரம்பகால எஃப்-13 வகையில் பிட்டோ மூக்கின் அடியில் இருக்கும். எஃப்எல் வகையில் மேலே வந்தது. பிஸ் வகையில் மேலே, சற்று வலப்பக்கம் தள்ளி. பின் வைஸால் (கையால் சுழற்றும் சின்னத் துளைப்பான்) 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, சூப்பர் க்ளூவில் தொட்டுச் செருகுங்கள். பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்து உடலின் மையக்கோட்டுக்கு இணையாக நிறுத்திக்கொண்டு, பசை பிடிக்கும்வரை விரலை எடுக்காதீர்கள். இதை டெக்காலும் வாஷும் மேட் வார்னிஷும் எல்லாம் முடிந்த பிறகு, அலமாரிக்குள் வைப்பதற்கு முந்தைய நாள் செய்தால் போதும்.